நல்லம்மாவின் சிவப்பு மோட்டார்

நல்லம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தெரியாது. இது அவரைத் தவிர பினாங்கில் எல்லோருக்கும் தெரியும். "பிரேக்கைப் பிடியும்!" என்று கத்துவார். அந்த மூச்சு அடங்குவதற்குள் "எண்ணெயை முறுக்கும்!" என்று வேகத்தைக் கூட்டச் சொல்வார். கற்றுக்கொள்ள வந்தவர் பாவம், இரண்டையும் செய்வார். மோட்டார் ஒருமுறை இருமிவிட்டு நின்றுவிடும். "நான் என்ன சொன்னனான், நீர் என்ன செய்யிறீர்?" என்று அதற்கும் ஒரு சத்தம் விழும்.

நான் முனுசாமி. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டினேன். நேரம் தவறுவது எனக்கு ஆகாது. கிளம்பும் நேரம் வந்துவிட்டால், ஓடி வருகிறவர் என் மாமியாராக இருந்தாலும் கதவைச் சாத்திவிடுவேன். ஒருநாள் மாமியாரே ஓடி வந்தார். அந்தக் கதை இங்கே வேண்டாம். அப்படிப்பட்ட என்னைக் காத்திருக்க வைத்தவர் ஒருவர் உண்டென்றால் அது நல்லம்மாதான்.

நல்லம்மா எதிர்க்கரையில் பிறை என்ற ஊரின் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா விநாசித்தம்பி ரயில்வேயில் கிராணி, அதாவது எழுத்தர். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்பதால் வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். வெளியே வந்தால் அதிலேயே மலேசியப் பேச்சின் 'லா'வும் சேர்ந்துகொள்ளும். அப்பா ஓய்வு பெற்றபோது ஆசை ஆசையாக கப்சாய் என்னும் சின்ன மோட்டார் ஒன்றைச் சிவப்பு நிறத்தில் வாங்கினார். வாங்கிய பிறகுதான் தமக்குப் பயமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். துணி போட்டு மூடி, வெள்ளிக்கிழமை தவறாமல் திருநீறு மட்டும் பூசிக்கொண்டிருந்தார். அதைத் துணியை விலக்கி ஓட்டிக்கொண்டு போனவர் நல்லம்மா.

பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், கோப்பி குடித்தார்கள், வாசலில் நிற்கும் மோட்டார் யாருடையது என்று கேட்டார்கள். விநாசித்தம்பிக்குப் பொய் சொல்ல வராது. வந்தவர்கள் போனவர்கள்தான். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு நல்லம்மாவின் அம்மா மோட்டாரைப் பின்கட்டில் ஒளித்து வைத்தார். நல்லம்மா அதைத் தாமே வெளியே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, "பார்க்க வாறவை எல்லாத்தையும் பார்த்திட்டுப் போகட்டும்" என்றாராம். அதற்காக அவர் பிறகு வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. அப்பா காலமான பின் அம்மாவுடன் ஜார்ஜ்டவுனுக்கு வந்தார். டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. எங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் கிராணி வேலை.

பினாங்குப் பாலம் திறந்த பிறகு கம்பெனி பஸ்கள் கடலைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போக ஆரம்பித்தன. எண்பதுகளின் கடைசி அது. தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிய காலம். எனக்கு நிபோங் திபால் பக்கம் விழுந்தது. பெரிய சாலையில் ஒரு முச்சந்தி. அங்கே சாலையோரம் யூசுப் அண்ணனின் ஒட்டுக்கடை, சின்னத் தேநீர்க்கடை. கடைக்கு எதிரே எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் ஒரு செம்மண் பாதை நுழையும். அதன் மறுகோடியில் ஒரு தோட்டம். பாதை நீண்டது, இருட்டானது. பன்றிகள் குறுக்கே ஓடும்.

அந்தத் தோட்டத்திலிருந்து வேலை கேட்டு வந்தவர் வடிவம்மாள். நல்லம்மாவின் வயதுதான் இருக்கும். கித்தா என்னும் ரப்பர் மரங்கள் இருந்தவரை பால் வெட்டியவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு பெண்களுக்கு வேலை குறைந்துவிட்டது. உதிர்ந்த பழம் பொறுக்குவதுதான் மிச்சம். அதுவும் கூப்பிட்ட நாளில் மட்டும். கணவர் மேல் செம்பனைக் குலை விழுந்து தோள் போய்விட்டது. மூத்த மகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திப் பழம் பொறுக்க அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. "அவள நிறுத்தாம இருக்கணும்க்கா. அதுக்குத்தான் வந்தேன்" என்றார் வடிவம்மாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கை வேகம் பார்த்தார்கள், கண் பார்வை பார்த்தார்கள். எல்லாம் முதல் தரம். "காலமை பஸ்ஸுக்கு எப்பிடி வருவீர்?" என்று நல்லம்மா கேட்டார்.

"நடந்து வருவேன்க்கா."

அங்கேதான் சிக்கல். அதே தோட்டத்திலிருந்து முன்பும் சில பெண்கள் சேர்ந்திருந்தார்கள். விடியுமுன் அந்தப் பாதையில் நடந்து, மழையில் நனைந்து, பாதி நாள் பஸ்ஸைத் தவறவிட்டு, ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இனி அந்தத் தோட்டத்து ஆளே வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். நல்லம்மா சண்டை போட்டார். தீபாவளி கழித்துத் தொழிற்சாலையில் ஒரு புது உற்பத்தி லைன் தொடங்கும், அதற்குள் நேரத்துக்கு முச்சந்திக்கு வர வழி செய்தால் வடிவம்மாளுக்கு இடம் உண்டு, இல்லையென்றால் வேறு ஆள், என்று முடிவாயிற்று.

அடுத்து என்னிடம் வந்தார். "பஸ்ஸை உள்ளுக்கு விடும்."

"உள்ளே ஒரு பலகைப் பாலம் இருக்கு. என் பஸ் அதுல ஏறினா பாலமும் இருக்காது, பஸ்ஸும் இருக்காது. நானும் இருக்க மாட்டேன்லா."

"பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பு மோட்டாரை அந்தப் பலகைப் பாலத்திலேயே ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் செம்மண் பாதை திருவிழாவானது. வடிவம்மாள் சிலுவார் கால்சட்டைக்கு மேல் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்பார்கள். மோட்டார் செம்பனைக் காட்டுக்குள் போகும், கால்வாய்க்குள் போகும், பாதையில் மட்டும் போகாது. முன்னெல்லாம் பொழுது போகாமல் சீட்டாடிய ஆண்கள் இப்போது சீட்டை மடக்கிவிட்டு வந்து நின்றார்கள். "பொம்பள மோட்டார் ஓட்டுனா மழ பெய்யாது" என்றார் ஒரு பெரியவர். பக்கத்து லயத்து ஜெயலெட்சுமி சும்மா இருப்பாளா? "நல்லதுலா மாமா. ஒழுகுற கூரைக்கு நிம்மதி!" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், அந்தப் பெரியவர் உட்பட.

நான் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். நல்லம்மாவின் கத்தலைக் கேட்டு, எனக்கே பிரேக்கைப் பிடிப்பதா முறுக்குவதா என்று குழம்பிவிட்டது. கடைசியில் வடிவம்மாளே ஒரு வழி கண்டுபிடித்தார். நல்லம்மா கத்தும் இரண்டில் முதலாவதை மட்டும் கேட்பது, இரண்டாவதைக் காற்றில் விடுவது. அதன் பிறகு மோட்டார் பாதையில் ஓடியது. நல்லம்மா அதைத் தம் போதனையின் வெற்றி என்று இன்றுவரை நம்புகிறார். வாரநாட்களிலும் பழகட்டும் என்று மோட்டாரைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, விடியுமுன் டவுனிலிருந்து கிளம்பும் என் பஸ்ஸில் ஏறிச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வரத் தொடங்கினார். முன் இருக்கையில் உட்கார்ந்து எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கொடுமையை யாரிடம் சொல்வேன்!

லைசென்ஸ் சோதனை நாள் வந்தது. சட்டக் கேள்விகளுக்கு வடிவம்மாள் வாயாலேயே டக் டக்கென்று பதில் சொன்னார். ஒடுக்கமான பலகை மேல் நூல் பிடித்த மாதிரி ஓட்டினார். வளைந்து வளைந்து வர வேண்டிய இடத்தில் ஒரு கம்பைக்கூடத் தொடவில்லை. வேலிக்கு வெளியே நல்லம்மா என் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார். இன்னும் மிச்சம் இருந்தது ஒரே நேர் ரோடு. அதன் ஓரத்தில் சோதனை அதிகாரி தொப்பியோடு, கையில் அட்டையோடு நின்றார். அவரைத் தாண்டிப் போனால் முடிந்தது.

வடிவம்மாள் அவர் அருகில் வந்தார். பிரேக்கைப் பிடித்தார். மோட்டாரை விட்டு இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மோட்டாரை மெல்லத் தள்ளிக்கொண்டு அதிகாரியைக் கடந்தார். கடந்த பிறகு ஹெல்மெட்டை மாட்டி, மறுபடி ஏறி, அழகாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

அதிகாரி வாயைப் பிளந்தார். "கெனாப்பா துருன்?" ஏன் இறங்கினாய் என்று மலாயில் கேட்டார்.

வடிவம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "துவான் நிக்கிறீங்கல்ல" என்றார். மலாயில் துவான் என்றால் துரை.

அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஒரு வழக்கம். துரை எதிரே நின்றால் சைக்கிளில் வருகிறவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். குடையைக்கூட மடக்க வேண்டும். துரை கப்பலேறிப் போனார், நாடு சுதந்திரம் வாங்கியது, கித்தா போய்ச் செம்பனை வந்தது, நம் ஊர்க்காரர் ஒருவரே மேனேஜராக வந்து அதே 'துரை' பட்டத்தில் உட்கார்ந்தார். அந்த இறக்கம் மட்டும் போகவில்லை. இறங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இறங்க வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜர் பங்களா வந்ததும் வடிவம்மாள் இறங்கித் தள்ளியதைப் பார்த்து, களைத்துப்போய்விட்டார் போலும் என்று நல்லம்மா நினைத்திருக்கிறார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நெஞ்சு வலித்தது. அதற்கும் பிறகு கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நல்லம்மா போய் மோட்டாரின் கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

"தப்பா ஆயிருச்சாக்கா? மகளுக்கு என்ன சொல்றது?" என்று வடிவம்மாள் கேட்டபோது, "ஒண்டும் சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு முன்னம் இன்னொரு சோதனை இருக்கு. வாற சனிக்கிழமை மோட்டாரை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வாரும்" என்றார். குரல் சாதாரணமாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை வடிவம்மாள் எல் போர்டு மாட்டிய மோட்டாருடன் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் வந்து இறங்கினார். பின்னால் ஜெயலெட்சுமி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். வேடிக்கையை விட அவளுக்கு மனமில்லை. காலை ஷிப்ட்டை இறக்கிவிட்டு நானும் என் மோட்டாரில் வந்தேன், ஜெயலெட்சுமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

நல்லம்மாவின் திட்டம் எளிமையானது. சனிக்கிழமை அரை நாள் வேலை. டவுனில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லாம் தெருவில் இருப்பார்கள். அத்தனை பேரையும் வடிவம்மாள் இறங்காமல் கடக்க வேண்டும். நல்லம்மா பின் இருக்கையில் ஏறி, இரண்டு கையாலும் வடிவம்மாளின் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

லைட் தெருவில் கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் வந்தார். வடிவம்மாளின் கால் தரையைத் தேடியது. "இறங்காதையும்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி நல்லம்மா கத்தினார். வக்கீல் பயந்து நடைபாதையில் ஏறிக்கொண்டார். அடுத்து பேங்க் மேனேஜர் ஒருவர், டை கட்டியவர். மறுபடி கால், மறுபடி கத்தல். பாடாங் திடலைச் சுற்றி வந்தோம். போலீஸ் அதிகாரி, அரசாங்க ஆபீஸ்காரர், யாரோ ஒரு பாதிரியார். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, வடிவம்மாளின் கால் இப்போது தரையைத் தேடவில்லை என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

அப்போது கடலோரம் இருந்த பெரிய ஹோட்டல் வந்தது. வாசலில் ஒரு துரை நின்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக்கால்சட்டை, முழங்கால் வரை காலுறை. வடிவம்மாள் சின்ன வயதில் பார்த்த துரையே திரும்பி வந்து நின்ற மாதிரி. அவ்வளவுதான். நல்லம்மாவின் பிடி, கத்தல் எதுவும் பலிக்கவில்லை. வடிவம்மாள் இறங்கினார், ஹெல்மெட் கழன்றது, தலை குனிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நல்லம்மாவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார்.

துரை தமிழில் பேசினார். "என்னம்மா, பெட்ரோல் முடிஞ்சு போச்சா?"

வடிவம்மாள் நிமிர்ந்து பார்த்தார். தொப்பிக்குக் கீழே கரிய முகம், பெரிய மீசை, நெற்றியில் குங்குமம்.

"நீங்க நிக்கிறீங்கன்னுதான் இறங்கினேங்க, துரை."

"துரையா!" அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் சின்னையாம்மா. கதவு தொறந்து விடுற ஆளு. வெள்ளக்காரங்க படம் புடிச்சுக்கிறதுக்காக எனக்கு இந்த வேசம் போட்டு உட்டுருக்காங்க. எனக்கு யாராச்சும் இறங்குவாங்களா? நான்தான் எல்லாருக்கும் சலாம் போடணும்!"

ஜெயலெட்சுமி என் மோட்டாரிலிருந்து உருளாத குறை. நான் விஷயத்தைச் சொன்னேன். சின்னையா அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். பிறகு தொப்பியை மாட்டி, சட்டையை இழுத்துவிட்டு, விறைப்பாக நின்றார்.

"திரும்பிப் போயி ஓட்டிட்டு வாங்கம்மா. இறங்கக் கூடாது. நான் சலாம் போடுறேன், நீங்க தலைய மட்டும் ஆட்டிட்டுப் போங்க."

வடிவம்மாள் திருப்பிக்கொண்டு வந்தார். சின்னையா அண்ணன் குதிகாலைத் தட்டிச் சலாம் வைத்தார். வடிவம்மாளின் கால் தடுமாறியது, ஆனால் தரையைத் தொடவில்லை. மறுபடி வந்தார், மறுபடி சலாம். மூன்றாம் சுற்றில் வடிவம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலாம் சுற்றில் மகாராணி மாதிரி தலையை ஆட்டினார். ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் இது ஏதோ உள்ளூர்ச் சடங்கு என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வடிவம்மாளுக்குக் கையசைத்தார். வடிவம்மாள் அவருக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நல்லம்மா பின்னால் உட்கார்ந்து கத்த ஒன்றும் இல்லாமல் சும்மா வந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். கடல் காற்று என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது சோதனையில் அதே அதிகாரி அதே இடத்தில் நின்றார். வடிவம்மாள் அவரைக் கடக்கும்போது தலையை ஆட்டினார். பழக்கதோஷம்! அதிகாரி சிரித்தபடி அட்டையில் எழுதினார். "லூலுஸ்" என்றார். தேறியாயிற்று.

ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. டவுன் துரை வேறு, தோட்டத்துத் துரை வேறு. தோட்டத்தில் விடியுமுன்னே ஆபீஸ் வாசலில் பெரட்டு நடக்கும். ஆட்கள் எல்லாம் வரிசையாக நிற்க, மேனேஜர் முன்னால் நின்று வேலை பிரித்துக் கொடுப்பார். வெளியே போகும் பாதை அவருடைய மூக்குக்கு முன்னால்தான் போகிறது. அந்த முகத்துக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க, வடிவம்மாள் இறங்காமல் போவாரா? ஒருநாள் இறங்கினால் ஒவ்வொரு நாளும் இறங்குவார். அதைவிட, நடந்தே போய்விடலாம் என்று மனம் விட்டுப்போகும்.

தீபாவளி கழிந்து முதல் நாள். முச்சந்தியில் பஸ்ஸை நிறுத்தினேன். முன் இருக்கையில் நல்லம்மா. யூசுப் அண்ணன் தே தாரேக் ஆற்றியபடியே பாதையைப் பார்த்தார். செம்பனைக்குள் வெளிச்சம் எதுவும் இல்லை. கிளம்பும் நேரம் வந்தது. போயிற்று. பின்னாலிருந்து, "அண்ணே, மணி ஆச்சுலா!" என்று குரல் வந்தது. நான் இன்ஜினை அணைத்தேன்.

"முனுசாமி, நேரம் போகுது" என்றார் நல்லம்மாவே.

"டயர்ல காத்து கொறஞ்ச மாதிரி இருக்கு" என்று கீழே இறங்கி, நல்ல டயரை உதைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் சத்தம் கேட்டது. பிறகு மரங்களுக்கிடையே ஒரு மஞ்சள் வெளிச்சம். மோட்டார் வந்து யூசுப் அண்ணனின் தகரக்கூரைக்குக் கீழே நின்றது. வடிவம்மாள், பின்னால் ஜெயலெட்சுமி. அவளும் அதே லைனில் சேர்ந்திருந்தாள். வடிவம்மாள் கைப்பிடியை விடவே இல்லை. ஜெயலெட்சுமிதான் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"பெரட்டுல எல்லாரும் நிக்கிறாங்கண்ணே. துரை முன்னால நிக்கிறாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். இவ இறங்கவே இல்ல! நேரா ஓட்டுனா. அப்பறம் பாத்தா துரை கையத் தூக்கிக் கத்துறாரு. போச்சுடான்னு நெனச்சேன்."

"என்னவாம்?" என்றார் நல்லம்மா.

"'வடிவம்மா, லைட்டப் போடுமா! இருட்டுல போற!'ன்னாரு. இறங்கக் கூடாது, இறங்கக் கூடாதுன்னு வந்ததுல லைட்டு போடவே மறந்துட்டா!"

பஸ் முழுக்கச் சிரித்தது. வடிவம்மாளும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். "அவ்வளவுதானாக்கா?" என்று நல்லம்மாவைக் கேட்டார். "எங்கப்பா இறங்குனாரு. அவங்கப்பா இறங்குனாரு. லைட்டப் போடுமான்னு சொல்றாரு. அவ்வளவுதானா?"

நல்லம்மா கையை நீட்டி அவரைப் பஸ்ஸுக்குள் இழுத்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்று பினாங்குப் பாலத்தில் நான் ஓட்டிய வேகத்தைப் பற்றி அவர் குறையே சொல்லவில்லை.

வடிவம்மாளின் மூத்த மகள் படிப்பை நிறுத்தவில்லை. முடித்து, ஆஸ்பத்திரித் தாதியாகி, இப்போது பட்டர்வொர்த்தில் வேலை செய்கிறாள். சிவப்பு மோட்டார் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. நல்லம்மா திருப்பிக் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முன் ஏர் போன வழியில் பின் ஏர் போயிற்று. யூசுப் அண்ணன் தகரக்கூரையை இரண்டு முறை நீட்டினார். கூரைக்குக் கீழே வரிசையாக மோட்டார்கள் நின்றன.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லம்மாவை அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பங்களாவுக்கு முன்னால் புதிதாகப் பழகும் ஒரு பெண் தடுமாறிக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தவர் வடிவம்மாள். பிறந்தது முதல் தோட்டத்துத் தமிழைத் தவிர வேறு தமிழ் பேசி அறியாத வடிவம்மாள், செம்பனைக் காடே அதிரும்படி, அச்சு அசலாக யாழ்ப்பாணத்துத் தமிழில் கத்திக்கொண்டிருந்தார்:

"இறங்காதையும்!"